அடி வாங்கியவன் திறக்கும் கேட்

தம்பி,

நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். உடம்புக்கு முடியாத ஆளால் அப்படி அறைய முடியாது. ஆயுத பூஜையன்று நம் அரிசி மில்லில் பாய்லருக்கு மாலை போட்டு, மிஷினுக்கெல்லாம் சந்தனம் தடவி, லோடுமேன்களின் கொக்கிகளைச் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்திருந்தோம். மூட்டையைக் கவ்வித் தூக்குகிற அந்த இரும்புக் கொக்கிகளைப் பூஜை முடிந்ததும் மேஸ்திரி எடுத்து ஆளாளுக்குக் கொடுப்பது வழக்கம். இத்தனை வருஷமும் மேஸ்திரியாக நான்தான் கொடுத்தேன். புது மேனேஜராக வரப்போகிறவன் என்று இந்தத் தடவை உன்னைக் கொடுக்கச் சொன்னேன். என் மகன் கையால் கொடுக்கட்டும் என்ற ஆசை, வேறென்ன. மூத்த ஆள் என்று மாரியப்பனை முதலில் விட்டார்கள். அவன் இரண்டு கையையும் நீட்டினான். நீ இடது கையில் கொக்கியை வைத்துக்கொண்டே வலது கையால் அவனை அறைந்தாய். "இது எங்கப்பாவுக்கு" என்று சொன்னாய். அவன் பொரித் தட்டின் மேல் விழுந்தான், உதடு கிழிந்து பொரியெல்லாம் ரத்தம். நான் பாய்லர் பக்கமிருந்து ஓடி வருவதற்குள் நீ முதலாளியின் காரில் ஏறிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு என் போனை நீ எடுக்கவில்லை.

எல்லார் முன்னாலும் அடித்தாய். அதனால் இந்தக் கடிதத்தையும் எல்லாரும் பார்க்கத்தான் எழுதுகிறேன். உனக்கு வாட்ஸ்அப்பில் வரும். மில் கேட்டிலும் ஒன்று ஒட்டியிருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாட்ச்மேன் படித்துக் காட்டுவார். உனக்கு அவமானமாக இருக்கும், இருக்கட்டும். நாளைக்குத் திங்கட்கிழமை நீ மேனேஜர் நாற்காலியில் உட்கார வேண்டிய நாள். அந்த நாற்காலிக்கு வருகிற வழி எது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் பெரிய ஃபேக்டரியில் வேலை பார்த்தவனுக்கு இந்த மில்லில் புதிதாகத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாய். இருக்கிறது. பொறுமையாகப் படி.

உங்கப்பாவின் வலது கை போன நாளைப் பற்றி உனக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம். நீ ஹாஸ்டலில் இருந்தாய். லாரியிலிருந்து விழுந்ததில் அவர் கொக்கியே அவரைக் குத்திவிட்டது என்று முதலில் சொன்னோம். பிறகு யாரோ உன் காதில் போட்டு, குத்தியது மாரியப்பன் என்று தெரிந்துகொண்டாய். அங்கேயே நிறுத்திக்கொண்டாய். நான் பக்கத்தில் நின்றவள். அது ஐப்பசி மாதம், குறுவை நெல் ஈரத்தோடு வந்து குவிகிற சமயம். அவித்த நெல்லைக் களம் முழுக்கக் காயப்போட்டிருந்தோம். மதியத்துக்கு மேல் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாயை இழுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாதி நெல் நனைந்துவிட்டது. முதலாளி ஆபீஸ் வாசலில் நின்று உங்கப்பாவைப் பார்த்து, "என்னய்யா நடராஜா, மேஸ்திரின்னு பேரு, பொம்பளை மாதிரி வேடிக்கை பார்க்கறே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்விட்டார்.

உங்கப்பா ஆபீஸ் வாசல் ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்தார். மழையில் நனைந்த கயிறு எப்படி விழும் என்று உனக்குத் தெரியாது. அந்தச் சத்தம் களத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும். கையில் அகப்பட்டவர்களையெல்லாம் அடித்தார். முதுகு, கால், தலை என்று பார்க்கவில்லை. மாரியப்பன் பெண்டாட்டி செல்வி தார்ப்பாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் வழுக்கி விழுந்திருந்தாள். அவளை முடியைப் பிடித்துத் தூக்கினார். கழுத்தில் ஒரு அடி விழுந்தது. அவள் கத்தவில்லை, மூச்சு அடைத்து வாயை வாயைத் திறந்தாள். அடுத்த அடிக்கு அவர் கையை ஓங்கியபோது பின்னாலிருந்து கொக்கி அவர் தோளுக்கும் அக்குளுக்கும் நடுவில் இறங்கியது. மாரியப்பன் அதை ஒரு இழுப்பு இழுத்தான். உங்கப்பா செல்வி மேலேயே விழுந்தார். கொக்கியை உருவியது நான். என் புடவையைச் சுருட்டிக் காயத்துக்குள் திணித்து அழுத்திக்கொண்டே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு நெல் லாரியில் போனோம். ரத்தமும் அவித்த நெல்லும் சேர்ந்த வாடை இன்றைக்கும் எனக்கு மழை வந்தால் வருகிறது.

லாரியிலிருந்து விழுந்தேன் என்று போலீசிடம் சொன்னது உங்கப்பாதான். முதலாளிக்கும் அதுதான் வேண்டியிருந்தது, கேஸ் வந்தால் அதிகாரிகள் வருவார்கள். ஆனால் உங்கப்பா முதலாளிக்காகச் சொல்லவில்லை. தன் கையில் அடி வாங்குகிற ஆள் தன்னைத் திருப்பி அடித்தான் என்று ஊருக்குத் தெரிவதை அவரால் தாங்க முடியவில்லை. கை போனதைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

உங்கப்பா கெட்டவர் இல்லை, தம்பி. உனக்குக் காய்ச்சல் என்றால் தோளைவிட்டு இறக்கமாட்டார். அவர் முதுகில் இருந்த தழும்பை நீ சின்னப் பிள்ளையில் விரலால் தடவி விளையாடியிருக்கிறாய். அதற்குக் கொக்கி அடி என்று பேர். மில்லில் புதிதாகச் சேருகிறவனுக்குக் கொக்கி கொடுப்பதற்கு முன்னால் மேஸ்திரி கயிற்றால் முதுகில் ஒன்று வைப்பார். அழாமல் வாங்கிக்கொண்டு, மேஸ்திரியின் காலைத் தொட்டுக் கும்பிட்டால்தான் கொக்கி. உங்கப்பாவும் அப்படித்தான் வாங்கினார். அவர் மேஸ்திரியானதும் அப்படித்தான் கொடுத்தார். முதலாளி ஒரு நாளும் யார் மேலும் கை வைத்ததில்லை. ரொம்ப நல்ல மனுஷர் என்று ஊரில் பேர். அவருக்கு எதற்குக் கை? உங்கப்பாவின் கை இருந்ததே. அந்தக் கை போனதும் அவர் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். களத்துப் பெண்களுக்கு நான் தலைவி என்பதால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு ஆம்பளை ஆளு கிடைக்கற வரைக்கும் நீயே பாத்துக்கம்மா. உன்னைப் பார்த்தா அவனுங்களுக்கு நடராஜன் ஞாபகம் வரும், அது போதும்" என்றார். அந்தக் கயிற்றைப் பேப்பரில் சுற்றி எடுத்து வந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு, பழத்தோடு.

கட்டிலில் படுத்திருந்த உங்கப்பா எனக்குச் சொன்ன புத்தி ஒன்றுதான். "முதல் அடி மாரியப்பனுக்குப் போடு. எல்லாரும் பார்க்கப் போடு. இல்லன்னா அடுத்த கொக்கி உன் தலைக்கு." நானும் அடிக்கிற எண்ணத்தோடுதான் போனேன். என்னைப் பெரிய மகான் என்று நினைத்துக்கொள்ளாதே. என் புருஷன் கையை முடமாக்கியவன் அவன். மில்லுக்குள் நுழைந்தபோது மாரியப்பன் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசைக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "போடுங்கக்கா. போட்டுட்டு வேலையைக் கொடுங்க" என்றான். முதுகு முழுக்க உங்கப்பா போட்ட கோடுகள். எந்த இடத்தில் அடிப்பது என்று தேடினேன், காலி இடமே இல்லை. பின்னால் நின்றவர்களைப் பார்த்தேன். ஒருத்தர் முகத்திலும் வருத்தம் இல்லை. ஆவலாக இருந்தது. எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரியப்பன் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது, அதோடு அந்த முகங்கள் மேலும் கோபம் வந்தது. "சட்டையைப் போடுடா" என்றேன். கயிற்றைத் தார்ப்பாய் கட்டுவதற்குக் கொடுத்துவிட்டேன்.

நன்றி சொன்னார்கள் என்று நினைக்கிறாயா? சிரித்தார்கள். மதியத்துக்குள் மூட்டை ஏற்றுவது பாதியாகக் குறைந்தது. என் முதுகுக்குப் பின்னால் என்னைப் போல நடந்து காட்டினார்கள். இதில் முன்னால் நின்றவர்கள் யார் என்றால், உங்கப்பாவிடம் அதிகமாக அடி வாங்கியவர்கள். அதுதான் எனக்கு முதலில் புரியவே இல்லை. தங்கராசு என்று ஒருவர் இருந்தார், லோடுமேன்களில் மூத்தவர். அடுத்த மேஸ்திரி தான்தான் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவர். அவர் ஒருநாள் புதுப் பையன் ஒருவனுக்குத் தானாகவே கொக்கி அடி போடப் போனார். நான் குறுக்கே போய் நின்றேன். "நாங்க வாங்கினோம்ல? சும்மாவா வாங்கினோம்? இவன் மட்டும் வாங்காம உள்ளே வருவானா?" என்று கேட்டு என்னை அறைந்தார். காது குப்பென்று அடைத்துக்கொண்டது. நான் உமி மூட்டை மேல் போய் விழுந்தேன்.

எழுந்ததும் என் கை பக்கத்தில் கிடந்த மண்வெட்டிக்குத்தான் போனது. எடுத்தும்விட்டேன். அவர் மண்டையைப் பிளந்திருப்பேன், தம்பி, அதில் சந்தேகமே வேண்டாம். அவர் கண்ணில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. அதுதான் என்னை நிறுத்தியது. நான் அடித்தால் எனக்கும் அவருக்கும் ஒரே மொழி ஆகிவிடும், அதில் அவர் என்னைவிட நன்றாகப் பேசுவார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு நேராக லாரி எடை மேடைக்குப் போய் நடுவில் உட்கார்ந்தேன். அடித்தவர் கேட்டுக்கு வெளியே போகிற வரைக்கும் ஒரு லாரியும் நகராது என்றேன். களத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். செல்விதான் முதலில் வந்தாள், கழுத்தில் தழும்போடு.

மில்லில் ஒரு விஷயம் முதலாளியையும் பயமுறுத்தும். தொட்டியில் ஊறுகிற நெல்லை நேரத்துக்கு அவிக்காவிட்டால் புளித்து நாற ஆரம்பிக்கும். பிறகு அந்த அரிசியை மாடுகூட முகராது. அன்றைக்குத் தொட்டிகளெல்லாம் நிரம்பியிருந்தன. முதலாளி வந்து கத்தினார். நாற்காலியை உதைத்தார், அது பறந்து வந்து என் முழங்காலில் பட்டது. "நாற்காலிக்குப் பதிலா என்னை உதைச்சிருந்தா நீங்களும் வெளியே போகணும்ங்க" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை, ஆனால் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தொட்டிப் பக்கமிருந்து வாடை கிளம்பியது. தங்கராசு வெளியே போனார்.

அவரை அப்படியே விட்டுவிடவும் மனசு வரவில்லை. அவர் பெண்டாட்டி என் வீட்டு வாசலில் வந்து அழுதாள். மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னார். மன்னிப்பு யாரும் கேட்பார்கள், வாய் வலிக்காது. நான் வேறு சொன்னேன். காலைச் சங்கு ஊதும்போது எல்லாரும் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக உள்ளே போவார்கள். அடித்தவர் பெரிய கேட்டுக்கு வெளியே தனியாக நிற்க வேண்டும், வருகிறவன் போகிறவன் எல்லாரும் பார்க்க. ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அடி வாங்கியவர் உள்ளேயிருந்து வந்து கொண்டியைத் தூக்கிக் கேட்டைத் திறந்தால் உள்ளே வரலாம். திறக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். தங்கராசு வந்து நின்றார். அடி வாங்கியவள் நான். ஒருநாள் திறக்கவில்லை, என் காது இன்னும் வலித்தது. மறுநாளும் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திறந்தேன். அதற்குப் பிறகு அவர் யார் மேலும் கை வைக்கவில்லை. அந்தக் கேட்தான் எங்கள் மில்லின் சட்டம் ஆனது.

ஒரேயடியாக எல்லாம் மாறிவிடவில்லை. அடி நின்றதும் வாய் நீண்டது. வசவு, கேலி, சாப்பாட்டுத் தூக்கில் மண் போடுவது, எல்லாம் நடந்தது. அடிக்காமல் எப்படி வேலை வாங்குவது என்று எனக்கே தெரியவில்லை, தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். அடிக்கிற காலத்தில் எங்களிடம் ஒரு பாய்லர்காரர் இருந்தார். வால்வு கசிகிறது என்று சொன்னால் முதல் அடி சொன்னவனுக்கு என்பதால் சாக்கைச் சுற்றி மறைத்து வைத்திருந்தார். அது ஒருநாள் பிய்த்துக்கொண்டு அவர் முகத்திலேயே ஆவி அடித்தது. தோல் கையோடு வந்தது. அவரைத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. கயிறு போன பிறகு ஒரு நாள் காலையில் ஒரு லோடுமேன் என் எதிரில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அக்கா, நான்தான் தொட்டி வால்வை மூட மறந்துட்டேன், தண்ணி பூரா போயிடுச்சு" என்றான். ஒரு தொட்டி நெல் பாழ். என் கை அப்படி அரித்தது, பந்தல்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவனைத் திட்டித் தீர்த்தேன், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் அந்த மில்லில் ஒரு ஆள் தன் தப்பைத் தானாக வந்து சொன்னது அதுதான் முதல் தடவை என்று திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. பயந்தவன் வேலை செய்வான், தம்பி. ஆனால் கசிவதைச் சொல்லமாட்டான். மேனேஜர் நாற்காலியில் உட்காருகிறவன் இதை மறக்கக் கூடாது.

இனிமேல் எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டம். பொங்கல் கழிந்து சம்பா நெல் லாரி லாரியாக வந்துகொண்டிருந்த சமயம். உங்கப்பா வீட்டில் இருக்க முடியாமல் மில்லுக்கு வந்தார். வலது கை சட்டைக்குள் தொங்கியது. ஆபீஸ் வாசலில் ஆணியைப் பார்த்தார், கயிறு இல்லை. தார்ப்பாயில் கட்டியிருந்ததைக் கண்டுபிடித்து, இடது கையாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்த்தார். மாரியப்பன் முதுகில் மூட்டையோடு குனிந்து போய்க்கொண்டிருந்தான். பின்னாலிருந்து கால் கெண்டையில் அடித்தார், மூட்டையோடு விழுந்தான். விழுந்தவன் முகத்தில், காதில், கையில் என்று மாறி மாறி அடித்தார். இடது கை பழக்கமில்லாததால் பாதி அடி தரையில் விழுந்தது, அந்த ஆத்திரத்தில் இன்னும் அடித்தார். மாரியப்பன் எழுந்தான். கொக்கி அவன் கையிலேயே இருந்தது. களத்தில் எல்லார் கண்ணும் கொக்கியில். அவன் அதைத் தூர வீசினான். நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன்.

"ஏங்க, கேட்டுக்கு வெளியே போங்க" என்றேன். "யாரைச் சொல்றே?" என்றார். "உங்களைத்தான்." "இந்த இடம் நான் போட்ட பிச்சைடி உனக்கு" என்றார். என்னைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நடந்தார். கேட்டைச் சாத்த வாட்ச்மேனுக்குக் கை வரவில்லை. நான்தான் சாத்தினேன். உள்ளேயிருந்து கொண்டி போட்ட சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குப் போனேன். அவர் செம்பால் என் வாயில் அடித்தார், பல் உடைந்து கையில் விழுந்தது. என் முன்பல் கட்டின பல் என்று உனக்குத் தெரியும். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று உன்னிடம் சொன்னேன். அவர் லாரியிலிருந்து விழுந்த மாதிரி நானும் விழுந்தேன். மில்லுக்கு ஒரு கேட் இருந்தது, வீட்டுக்கு என்னிடம் கேட் இல்லை. மறுநாள் வீங்கிய வாயோடு வேலைக்குப் போனேன். எல்லாரும் பார்த்தார்கள், நான் மறைக்கவில்லை.

அன்றைக்கே மாரியப்பன் நம் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று, "மேஸ்திரி, நான் கேட்டைத் தொறக்கறேன், வாங்க" என்றான். உங்கப்பா காறித் துப்பினார். ஆனால் ஒன்று கவனித்தாயா? அதற்குப் பிறகு அவர் தினமும் காலையில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார். எங்கே போகிறார் என்று நீ லீவில் வரும்போதெல்லாம் கேட்பாய், டீ குடிக்க என்பேன். மில்லுக்கு எதிர்த்தாப்போல் இருந்த டீக்கடைக்குத்தான் போவார். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டையே பார்ப்பார். சங்கு ஊதும். மாரியப்பன் உள்ளே கொண்டியில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பான். உங்கப்பா டீயைக் குடித்து முடிப்பார், கிளாஸைக் கழுவி வைப்பார், வீட்டுக்குத் திரும்பிவிடுவார். நடுவில் ஒரு ரோடு, அவ்வளவுதான். அவரால் அதைத் தாண்ட முடியவில்லை. கால் விழுந்து படுக்கையில் கிடந்த பிறகும் காலையில் சங்குச் சத்தம் வந்தால் தலையைத் தூக்கிப் பார்ப்பார். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்து வைக்கிறேன் என்று நீ ஏற்பாடெல்லாம் செய்தாய். அதுவரைக்கும் அவர் இருக்கவில்லை. வெண்ணாற்றங்கரையில் அவருக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்து, "மில்லை விட்டுத் துரத்தி நீதான் கொன்னே" என்று என்னிடம் சொன்னாய். உங்கப்பா சாம்பல் ஆறாத நேரத்தில் அவரைப் பற்றி எப்படிச் சொல்வேன்? இப்போது சொல்லிவிட்டேன்.

நீ அறைந்தபோது முதலாளி என்ன செய்தார் என்று பார்த்தாயா? நான் பார்த்தேன், சிரித்தார். வயதாகித் தள்ளாடுகிற காலத்திலும் அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தம்மா ஆட்களைக் கெடுத்து வைத்திருக்கிறாள், நடராஜன் மகன் வந்தால் நிமிர்ந்துவிடுவார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் தெரியும், மிஷின் தெரியும் என்றுதான் உன்னைக் கூப்பிட்டார் என்று நினைத்தேன். அவர் மறுபடியும் ஒரு கை தேடியிருக்கிறார், உன் கையைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. உங்கப்பாவை வைத்து மற்றவர்களை அடித்தார், உன்னை வைத்தும் அதையே செய்வார். நீ படித்தவன் என்பதால் கயிறுகூட வேண்டியிருக்காது.

முதலாளியைவிட எனக்குப் பயம் கொடுத்தது ஆட்கள்தான். நீ போன பிறகு லோடுமேன்களில் பாதிப்பேர் முகத்தில் பழைய ஆவல் வந்துவிட்டது. "தம்பி கை அப்படியே நடராஜன் கைதான்" என்று ஒருத்தன் சொன்னான், மற்றவர்கள் தலையாட்டினார்கள். கயிற்றடியே பார்க்காதவன்கூட ஆட்டினான். இத்தனை வருஷம் கட்டியது ஒரு அறையில் ஆடிப்போய்விட்டது. தங்கராசு இப்போது வேலையில் இல்லை, பிரசாதம் வாங்க வந்திருந்தார். அவர் மட்டும் என் பக்கத்தில் வந்து, "கேட் உன் மவனுக்கும் உண்டுதானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாரியப்பனின் உதட்டில் தையல் போட்டுக் கூட்டி வந்தேன். ஆட்டோவில் அவன், "அக்கா, விட்டுருங்க. தம்பி அடிச்சது என் கணக்குல சரிதான்" என்றான். உன் கணக்கு எனக்கு வேண்டாம், சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்றேன். உதட்டுத் தையலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அன்னிக்கு நான் மேஸ்திரியக் குத்துனதுக்கு என்னை யாரும் வெளியே நிறுத்தலயேக்கா. அப்ப கேட் இல்ல. அதான் தெனமும் கொண்டியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவர் ஒருநாள் உள்ளே வந்திருந்தா நானும் உள்ளே வந்த மாதிரி இருந்திருக்கும்." எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் எனக்கு அது தெரியவில்லை.

நீயும் கேட்டுக்கு வெளியே நின்றுதான் உள்ளே வர வேண்டும் என்று முதலாளிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். வயதாகிவிட்டது, வேலையை விடுகிறேன்; இது என் கடைசி வாரம், அடுத்த வாரத்திலிருந்து எனக்கு வேலை இல்லை, நான் சொன்னால் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கும் இல்லை. "சொந்த மகன் பொழப்பில மண்ணு போடறியே" என்றார். தொட்டியெல்லாம் நெல் ஊறுகிறது, நாளைக்கு மாரியப்பனைத் தவிர வேறு யாராவது அந்தக் கேட்டை உனக்காகத் திறந்துவிட்டால் பெண்கள் அத்தனை பேரும் எடை மேடையில் உட்காருவோம் என்றேன். போனை வைத்துவிட்டார். என்ன செய்வார் என்று தெரியாது. பாதி ஆட்கள் என் பக்கம், பாதி ஆட்கள் உன் பக்கம். நான் தோற்றுப்போகலாம். நீ வேண்டாம் என்று கோயம்புத்தூருக்கே திரும்பிவிடலாம். அப்படிப் போனால் கயிறு மறுபடியும் ஆணிக்கு வந்துவிடும், வேறு யாராவது எடுப்பார்கள்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, பார்த்தால் நானே உன்னை ரெண்டு அறை விடுவேன் போலத்தான் இருக்கிறது. அப்புறம் நானும் வெளியே வந்து உன் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். ஆசையும் அவ்வளவு இருக்கிறது. நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒருத்தன் உன்னிடம் வந்து பயப்படாமல் வால்வு கசிகிறது என்று சொல்வதை நான் பார்க்க வேண்டும்.

காரில் வராதே, காருக்குக் கேட் திறக்காது. டீக்கடை வரைக்கும் எதில் வேண்டுமானாலும் வா. அங்கே டீ குடிப்பதென்றால் குடி, உங்கப்பா உட்கார்ந்த பெஞ்ச் இன்னும் இருக்கிறது. சங்கு ஊதும்போது மாரியப்பன் உள்ளே வந்து கொண்டியில் கை வைத்திருப்பான். உதட்டில் தையல் இருக்கும், பேச மாட்டான். நீயும் பேச வேண்டாம்.

உங்கப்பா தாண்டாத அந்த ரோட்டை மட்டும் தாண்டி வந்து நில்லுடா.

கேட்டுக்கு உள்ளே நிற்கும்,
உன் அம்மா